வீல் ஆஃப் டைம் பத்தாம் புத்தகம்: இவ்வளவு திட்டு வாங்க வேண்டியதுதானா?

ஊசிமல்லி

ராபர்ட் ஜோர்டனின் வீல் ஆஃப் டைம் ஃபேண்டசி தொடர் முழுவதையும் இரண்டாவது தடவையாகப் படித்து வருகிறேன். நேற்று இரவு பத்தாவதான கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்டை முடித்தேன். முதல் தடவை இதே புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டு மூன்று மாதம் தொடவில்லை. இப்போது ஆறு நாளில் முடித்துவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஸ்பாய்லர் எச்சரிக்கை: பத்தாம் புத்தகத்தின் முடிவு வரை எல்லாமே பேசப்போகிறேன். அதற்கு மேல் போகிறவர்கள் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

மெதுவாகப் போகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. எனக்கு அது குறையாகவே படவில்லை. கதையை அடுக்கிய விதத்தில்தான் கோளாறு. ஒன்பதாவதான விண்டர்ஸ் ஹார்ட் எப்படி முடிந்தது? நாயகன் ராண்டும் அவன் ஊர்க்காரி நைனீவும் சேர்ந்து, மூவாயிரம் வருஷத்துக்கும் மேலாக சைடினில், அதாவது ஆண்கள் கையாளும் மந்திர சக்தியில், படிந்திருந்த கறையைக் கழுவுகிறார்கள். அதுவரை தொடரில் நடந்ததிலேயே பெரிய காரியம் அதுதான். இனி உலகம் எப்படி மாறும் என்று ஆவலோடு பத்தாவதைத் திறந்தால், கதை அதே நாளுக்குத் திரும்பிப் போகிறது. ராண்டின் நண்பன் பெரின் இருக்கும் இடத்தில் அந்த நாள், ஆண்டோர் நாட்டு இளவரசி எலேன் இருக்கும் இடத்தில் அந்த நாள், அப்புறம் வெள்ளைக் கோபுரத்தை எதிர்த்துப் பிரிந்த மந்திரப் பெண்களின் தலைவி எக்வீன். எங்கோ தொலைவில் யாரோ பெரும் சக்தியைக் கையாள்கிறார்கள் என்று சக்தி வாய்த்த ஒவ்வொருவரும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். அது என்னவென்று நமக்கு முன்பே தெரியும். தெரிந்த செய்திக்கு ஒவ்வொருவராக அதிர்ச்சி அடைவதை நூற்றுக்கணக்கான பக்கங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இத்தனை குறை இருந்தும் 27ஆம் அத்தியாயத்துக்காகவே இந்தப் புத்தகத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஷைடோ குலத்தார் தூக்கிப்போன தன் மனைவி ஃபயீலைத் தேடிப் பெரின் பனியில் அலைகிறான். பிடிபட்ட ஷைடோ வீரர்களைக் கட்டிப்போட்டு நெருப்பால் சுட்டு விசாரிக்கிறார்கள். வலியைத் தாங்குவது அவர்களுக்குப் பெருமை, அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. பெரின் வருகிறான். குரலைக்கூட உயர்த்தாமல் கோடரியை எடுத்து ஒருவனுடைய கையை வெட்டிவிடுகிறான். பேசாவிட்டால் கை கால் இல்லாமல் பிச்சை எடுத்துப் பிழைக்கும்படி விட்டுவிடுவேன் என்கிறான். அப்புறம் அந்தக் கோடரியை ஒரு மரத்தில் வீசிவிட்டு, எடுக்காமலே நடந்து போகிறான்.

முதல் புத்தகத்தில், ஓநாய்களோடு வாழும் எலியாஸ் சொன்னது நினைவிருக்கிறதா? காக்கைக் கூட்டம் துரத்திய பிறகு, குளத்தங்கரையில், பெரின் தன் கோடரியைத் தண்ணீரில் எறியப் போகிறான். எலியாஸ் தடுக்கிறான். இதை வெறுக்கிற வரைக்கும் உன்னிடம் இருக்கட்டும், வெறுப்பு விட்டுப்போகிற நாளில் தூக்கி எறிந்துவிட்டு ஓடு என்று சொல்கிறான். அது 1990இல் வந்த புத்தகம். பதில் வந்தது 2003இல். அந்த அத்தியாயத்தில் எலியாஸின் பேச்சை யாரும் நினைவூட்டுவதில்லை. வாசகரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று ஜோர்டன் விட்டுவிட்டார். முதல் தடவை எரிச்சலில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனதால் எனக்கு அது தெரியவே இல்லை.

கரிச்சான்

கோடரிக் காட்சி நல்ல காட்சிதான். அதில் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் ஒரு காட்சிக்காக எழுநூறு பக்கத்தை மன்னிக்கச் சொல்லாதீர்கள்.

நான் வெளிவர வெளிவரப் படித்தவன். ஒன்பதாவது வந்தது 2000 நவம்பரில், பத்தாவது 2003 ஜனவரியில். இடையில் இரண்டு வருஷம் இரண்டு மாதம். பதினொன்றாவது நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ் வரும்போது 2005 அக்டோபர். நடுவில் 2004இல் வந்த நியூ ஸ்பிரிங் முன்கதை, அது ராண்ட் பிறந்த காலத்துக் கதை. ஆக, மூலக்கதை என்ன ஆனது என்று காத்திருந்தவனுக்கு ஏறத்தாழ ஐந்து வருஷத்தில் கிடைத்தது இந்த ஒரே புத்தகம். அதில் ராண்ட் தலைகாட்டுவதே சில பக்கங்கள்தான்.

முழுத் தொடரும் அலமாரியில் அடுக்கி இருக்கும்போது படிக்கிறவருக்கு இது ஒரு மேடான பாதை, அவ்வளவுதான். ஏறிவிட்டால் அடுத்தது கையில் இருக்கிறது. எங்களுக்கு அது சுவர். அந்த ஐந்து வருஷத்தில் என்னோடு சேர்ந்து படித்த நான்கு பேரில் மூன்று பேர் தொடரையே விட்டுவிட்டார்கள். அவர்கள் பொறுமை இல்லாதவர்கள் இல்லை. ஒன்பது புத்தகம் படித்தவர்களை அப்படிச் சொல்ல முடியுமா?

தேன்சிட்டு

நான் இப்போது அதே சுவரின் அடியில் நிற்கிறேன். 2021இல் திரைத்தொடரைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தேன். எட்டு வரை ஓட்டமாகப் படித்தேன். ஒன்பதின் கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில், விடிய விடியப் படித்தேன். பத்தில் முன்னுரைக் கதையே நூறு பக்கம் போலப் போகிறது. அதைத் தாண்டிப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நிற்கிறேன்.

கோடரி விஷயம் எனக்கு ஸ்பாய்லர் ஆகிவிட்டது, பரவாயில்லை, எச்சரிக்கையைப் பார்த்தும் நான்தான் படித்தேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராகப் பதினொன்றுக்குப் போனால் என்ன இழப்பேன்?

கரிச்சான்

தயங்காமல் போங்கள்.

ஊசிமல்லி

போகாதீர்கள்! முழுவதும் முடியாவிட்டால் பெரின் பகுதிகளையும் கடைசி அத்தியாயத்தையுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

பழுப்புப்பக்கம்

இந்தத் தொடரைப் பல தடவை படித்தவன் என்ற முறையில் நான் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன்.

ஊசிமல்லி சொன்ன அடுக்குமுறைக் கோளாறு சரியான கணிப்பு. எல்லாப் பகுதிகளையும் ஒரே நாளைச் சுற்றித் தொடங்கியது ஒரு சோதனை என்றும், அது எதிர்பார்த்தபடி அமையவில்லை என்றும் ஜோர்டனே பிற்பாடு ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் ஏன் அதைச் செய்து பார்த்தார் என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு பெரிய நிகழ்ச்சியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் ஒருவர் என்றால், அதன் ஒளியைத் தொலைவிலிருந்து மட்டும் பார்த்துக் குழம்பியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த ஆயிரம் பேரின் பக்கம் போய் எழுதிப் பார்க்கிறார். இது அழகான எண்ணம். முன்னுரைக் கதையோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. முதல் மூன்று புத்தகங்களில் பாத்திரங்கள் பிரிந்து போனாலும் கடைசியில் ஓரிடத்தில் கூடிவிடுவார்கள். நான்காவதிலிருந்து அந்தக் கூடல் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனிச் சாலை பிடிக்கிறார்கள், ஒவ்வொரு சாலையிலும் புதிதாகப் பத்துப் பேர் சேர்கிறார்கள். பத்தாவது வரும்போது பெரினுக்கு ஒரு படை, எக்வீனுக்கு ஒரு படை, எலேனுக்கு ஒரு முற்றுகை, ராண்டின் இன்னொரு நண்பன் மாட் (Mat) என்பவனுக்கு ஒரு சர்க்கஸ் கூட்டம். எல்லாரையும் ஒரு அடி நகர்த்தினாலே புத்தகம் நிரம்பிவிடுகிறது. பெரினின் தேடலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதில் தேடுகிறான், பத்தில் தேடுகிறான், பதினொன்றில்தான் மீட்கிறான் (தேன்சிட்டு மன்னிக்கவும், இதை ஊகித்திருப்பீர்கள்). கதைக்குள் சில வாரங்கள், வாசகருக்கு 2000 முதல் 2005 வரை. கரிச்சானின் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது. அந்த வருஷங்களில் நானும் காத்திருந்தவன்தான்.

ஆனால் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். பெரின் தானியம் வாங்கப் போகும் சோ ஹாபார் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் பெரிய தானிய வணிக ஊர். உள்ளே போனால் மக்கள் குளிக்காமல், அழுக்கு உடையோடு, யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல் திரிகிறார்கள். ராத்திரியில் செத்தவர்கள் தெருவில் நடமாடுகிறார்கள் என்று பிறகு தெரிய வருகிறது. கிடங்கைத் திறந்தால் கோதுமை முழுக்க வண்டு. வேறு வழியில்லாமல் அந்தத் தானியத்தையே உறைபனியில் தூற்றித் தூற்றி, வண்டை நீக்கி மூட்டை கட்டுகிறார்கள். கத்திச் சண்டை இல்லை, மந்திரம் இல்லை. இருள்தேவன் நெருங்கிவிட்டான் என்று முந்தைய ஒன்பது புத்தகங்களிலும் பலர் வாயால் கேட்டுவிட்டோம். அந்த வண்டைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றில் பயம் இறங்கியது. உலகம் முடிவது வானத்தில் இடி இடித்து வராது, முதலில் தானியக் குதிருக்குள்தான் வரும் என்று காட்டுகிறார்.

கல்தச்சன்

சோ ஹாபார் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. நான் ஒலிநூலாகக் கேட்டேன், அந்த இடத்தில் உடம்பெல்லாம் அரித்தது.

ஆனால் கேட்கிறவர்களுக்கு இந்தப் புத்தகம் தரும் தொல்லையே வேறு. படிக்கும்போது கண் தாண்டிப் போய்விடும். காதால் தாண்ட முடியாது. நைனீவ் பின்னலை இழுக்கிறாள், இன்னொருத்தி பாவாடையை நீவிவிடுகிறாள், மூன்றாமவள் மூக்கை உறிஞ்சி அலட்சியம் காட்டுகிறாள். ஒவ்வொரு அறையிலும் யார் என்ன நிறப் பட்டு, அதில் என்ன பூத்தையல், கழுத்துவரை பொத்தானா இல்லையா. ஆண் பாத்திரங்களின் பார்வையில் வரும் அத்தியாயங்களை மைக்கேல் கிராமரும், பெண் பாத்திரங்களின் பார்வையில் வருவதை கேட் ரீடிங்கும் வாசிக்கிறார்கள். கேட் ரீடிங் எவ்வளவோ உயிர் கொடுக்கிறார். அவராலும் எலேன் குளிக்கும் அத்தியாயத்தை நகர்த்த முடியவில்லை.

செம்பருத்தி

எலேன் குளியலைப் பற்றி யாராவது ஆரம்பிப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்காக நான் பேசுகிறேன்.

ஆண்டோரின் அரியணைக்கு 19 பெருங்குடும்பங்களில் 10 குடும்பங்கள் ஆதரவு வேண்டும். இந்தப் புத்தகத்தில் அவள் செய்வது அந்த எண்ணிக்கையை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. வெளியே அரியணைக்குப் போட்டியிடும் ஆரிமில்லாவின் முற்றுகை, வயிற்றில் இரட்டைக் குழந்தை. வாளெடுத்து அரசைப் பிடிக்கிற கதைகளைத்தான் ஃபேண்டசியில் சலிக்கச் சலிக்கப் படித்திருக்கிறோம். ஓலை அனுப்பி, விருந்து வைத்து, பழைய உறவைச் சொல்லி, பகையை விழுங்கி அரசு பிடிக்கிற கதை எத்தனை இருக்கிறது?

சின்னப் பிள்ளைகள் ஆளும் குடும்பங்கள் அவள் பக்கம் வருகிற காட்சியைப் பாருங்கள். இன்னும் மீசை முளைக்காத பையன்கள், குடும்பத் தலைவர் என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு, படையோடு முற்றுகைக்குள்ளே வந்து சேர்கிறார்கள். பெரியவர்கள் எந்தப் பக்கம் காற்றடிக்கும் என்று வெளியே காத்திருக்கும்போது குழந்தைகள் வருகிறார்கள். எலேன் அவர்களைப் பெரியவர்களாகவே நடத்துகிறாள். நடத்தியாக வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய வீரர்கள் நாளை மதில்மேல் சாகப் போகிறவர்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்து நான் அழுதேன்.

பாவாடை நீவல் அலுப்புதான், அதில் கல்தச்சன் பக்கம் நான். வெட்டியிருக்கலாம். ஆனால் பெண்கள் அறையில் உட்கார்ந்து பேசினால் ‘ஒன்றும் நடக்கவில்லை’, ஆண்கள் குதிரையில் போனால் ‘கதை நகர்கிறது’ என்று எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கல்தச்சன்

அக்கா, நான் அப்படிச் சொல்லவில்லை. எக்வீனும் கூடாரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டேதான் இருக்கிறாள், அந்தப் பகுதி எனக்குப் பிடித்தது. மந்திர ஆண்களின் கருங்கோபுரத்தோடு கூட்டுச் சேரலாமா என்று அவை கூடி வாதிடுவதைப் பேருந்தில் நிறுத்தம் தாண்டிப் போவது தெரியாமல் கேட்டேன். எலேன் பகுதியில் குடும்பப் பெயர்கள் அத்தனையும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன, காதுக்குப் பிடிபடவில்லை. பிள்ளைகள் வரும் இடத்தை மட்டும் இன்று புத்தகத்தில் எடுத்துப் படிக்கிறேன்.

செம்பருத்தி

படித்துவிட்டுச் சொல்லுங்கள். பெயர்கள் விஷயத்தில் நானும் முதல் தடவை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

கரிச்சான்

பழுப்புப்பக்கம் ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சோ ஹாபாரை நான் அப்படிப் பார்க்கவில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன், அது வலுவான பகுதி.

ஆனாலும் ஒரு கேள்வி. நல்ல காட்சிகள் இருக்கின்றன என்று ஆளுக்கு ஒன்றைக் காட்டுகிறீர்கள். கோடரி, வண்டு, பிள்ளைகள். மாட் பகுதியையும் நானே சேர்க்கிறேன்: ஒன்பது நிலவுகளின் மகளைத்தான் மணப்பாய் என்று நான்காம் புத்தகத்தில் கேட்டவன், அவளையே கடத்திக்கொண்டு சர்க்கஸ் வண்டியில் போகிறான், அவளோ அவனைப் பொம்மை என்று கூப்பிடுகிறாள். அருமை. இவை எல்லாவற்றையும் கூட்டினால் இருநூறு பக்கம் வருமா? நல்ல காட்சி இருப்பது வேறு, புத்தகம் புத்தகமாக நிற்பது வேறு. முந்தைய ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு முடிச்சும் அவிழ்ப்பும் இருந்தன. இதில் நான்கு சாலைகளும் நடுவழியில் நிற்கின்றன. கடைசிப் பக்கத்தை மூடியபோது அச்சகத்தில் மீதிப் பக்கங்களைக் கட்ட மறந்துவிட்டார்களோ என்று நிஜமாகவே திருப்பிப் பார்த்தேன்.

2007 செப்டம்பரில் ஜோர்டன் இறந்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது இந்தப் புத்தகம்தான். இந்த வருஷங்களைச் செலவழிக்காமல் இருந்திருந்தால் முடிவை அவர் கையாலேயே எழுதியிருப்பாரே என்று. பிராண்டன் சாண்டர்சன் 2013இல் நல்லபடியாகவே முடித்துக் கொடுத்தார், நன்றி உண்டு. ஆனாலும் அந்த ஏக்கம் போகவில்லை. என் கோபத்தில் பாதி அதுதான்.

பழுப்புப்பக்கம்

தம்பி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. 2006இல் தன் நோயைப் பற்றி அவரே எழுதியபோதுகூட, மீண்டு வந்து முடித்துவிடுவார் என்றுதான் நம்பினோம்.

புத்தகம் புத்தகமாக நிற்கவில்லை என்பதையும் மறுக்க மாட்டேன். நான் சொல்வது, படித்துவிட்டுத் தள்ளிவிட வேண்டிய புத்தகம் இல்லை என்பது மட்டும்.

கோடரிக் காட்சிக்கு ஒன்று சேர்க்கிறேன். ஜோர்டன் வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி வீரராக இருந்தவர். அதிலிருந்துதான் இந்தக் காட்சி வந்தது என்று சொல்ல நான் யார்? ஆனால் பெரின் கையை வெட்டும் இடத்தில் ஆத்திரமே இல்லை. ஆத்திரத்தில் வெட்டியிருந்தால் மற்றக் கதைகளைப் போல ஆகியிருக்கும். கூலிக்கு மரம் வெட்டுகிறவனைப் போல வெட்டுகிறான். சுற்றி நின்று சித்திரவதையை வேடிக்கை பார்த்தவர்களே அவனைப் பார்த்து மிரண்டு போகிறார்கள்.

தேன்சிட்டு

நான்கு நாள் கழித்து வருகிறேன். புத்தகத்தை முடித்துவிட்டேன். தாண்டவில்லை, எல்லாப் பக்கமும் படித்தேன்.

கரிச்சான் அண்ணா சொன்னதுதான் என் தீர்ப்புக்கும் கிட்ட வருகிறது. எட்டு முதல் இருபது வரையான அத்தியாயங்களில் பலதை இன்னொரு தடவை படிக்க மாட்டேன். எலேனிடம் அந்தக் குடும்பத் தலைவர்ப் பிள்ளைகள் வந்து சேரும் இடம் மட்டும் விதிவிலக்கு.

27ஆம் அத்தியாயம் ஸ்பாய்லர் தெரிந்தும் என்னை உலுக்கியது. முடித்த கையோடு முதல் புத்தகத்தை எடுத்து அந்தக் குளத்தங்கரை இடத்தைத் தேடிப் படித்தேன். ஊசிமல்லி அக்கா, நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பெரின் அன்று கோடரியை ஏன் எறியப் போனான்? காக்கைகள் சூழ்ந்துகொண்டால், அவை கொத்திக் கிழிக்கும் முன் எக்வீனைத் தன் கோடரியாலேயே கொன்றுவிட வேண்டும் என்று முடிவெடுத்திருந்தான். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்துத்தான் எறியப் போகிறான். அந்தப் பயணம் முழுக்க அவனோடு கூட நடந்தவள் எக்வீன்.

பத்தாம் புத்தகத்தின் முடிவுக்கு வாருங்கள். பெரின் கோடரியை எறிந்த மூன்றே அத்தியாயத்தில், எக்வீன் ராத்திரியில் படகில் போய், வெள்ளைக் கோபுரம் இருக்கும் டார் வாலோன் நகரத் துறைமுகத்தின் இரும்புச் சங்கிலியை உடையாக் கல்லாக மாற்றிவிட்டு, பிடிபடுகிறாள். அந்தப் பழைய பயணமும் இருவரும் வெள்ளை அங்கிகள் என்ற மதவெறிப் படையிடம் பிடிபடுவதில்தான் முடிந்தது. இந்தத் தடவை பெரின் பக்கத்தில் இல்லை.

ஊசிமல்லி

இரண்டு தடவை படித்தும் இதை நான் கவனிக்கவில்லை. அந்த இரண்டு அத்தியாயங்களையும் இன்று இரவே திரும்பப் படிக்கிறேன்.

கரிச்சான்

மூன்று அத்தியாயம்தானா நடுவில்? என் பிரதியை மேல்தட்டிலிருந்து இறக்கிவிட்டேன். 2003க்குப் பிறகு இதைத் திறப்பது இதுதான் முதல் தடவை. 27இலிருந்து மட்டும் படிக்கிறேன்.